பத்தடி தூரம்

ஒரு தீர்ப்பைப் படித்தோம். மறுபடியும் படித்தோம். மூன்றாம் முறை படித்தபோது எழுந்து சென்று அளவுநாடாவை எடுத்துவந்து, கூடத்துத் தரையில் 10 அடி அளந்து பார்த்தோம். ஒரு முனையில் நாற்காலி ஒன்றைப் போட்டோம், மறுமுனையில் நின்றோம். நாற்காலியில் இருப்பவர் மெல்லப் பேசினாலும் நம் செவியில் விழும். முகம் சுளித்தாலும் நம் கண்ணில் படும். ஆனால் கை நீட்டினால் எட்டாது. அந்தத் தூரத்தைத்தான் நாட்டின் உச்சநீதிமன்றம் ஒரு தாய்க்கு விதித்திருக்கிறது.

2024 டிசம்பர் 20ஆம் நாள் வந்த தீர்ப்பு அது. வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு. தாய் மதுரையில், தந்தை கரூரில், இடையிலே இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஞாயிறுதோறும் குழந்தையைக் கரூருக்குக் கொண்டு சென்று தந்தைக்குக் காட்ட வேண்டும் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. போக ஏறத்தாழ 150 கிலோமீட்டர், வர 150 கிலோமீட்டர். பெற்றோரின் உரிமையைக் கணக்கிடும்போது பிள்ளையின் உடல்நலத்தைப் பலியிடலாகாது என்று உச்சநீதிமன்றம் கருதியது. பார்க்க விரும்பும் தந்தை மதுரைக்கு வரட்டும் என்று ஆணையைத் திருத்தியது. நல்ல திருத்தம். மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு, அடுத்த வரிகளுக்கு வருகிறோம். ஞாயிறு காலை 10 மணி முதல் பகல் 2 மணி வரை சந்திப்பு. இடம், பொதுப் பூங்கா அல்லது கோயில் வளாகம். தாய் உடனிருப்பார், ஆனால் ஏறத்தாழ 10 அடி தள்ளி நிற்பார்.

பூங்கா என்றது நீதிமன்றம். மதுரையின் சித்திரை வெயிலை நீதிபதிகள் அறியாதிருக்கலாம். அதை அறிந்த எவரும் இரண்டு வயதுக் குழந்தையை உச்சிவேளையில் நான்கு மணி நேரம் பூங்காவில் வைத்திருக்கச் சம்மதிக்க மாட்டார். குழந்தைக்குப் பசிக்கும், தூக்கம் வரும், ஆடை நனையும். மாற்றுவதற்கு அறை எங்கே? படுக்கவைக்கப் பாய் எங்கே? சரி, கோயில் வளாகம் என்று வைத்துக்கொள்வோம். உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நம் ஊர்க் கோயில்களில் நடை சாத்திவிடுவது வழக்கம். நீதிமன்றம் 2 மணி வரை நேரம் கொடுத்தது. கோயிலில் 12 மணிக்கே கதவு அடைபட்டுவிடும்! கடவுளே ஓய்வெடுக்கும் நேரத்தில் கண்காணிப்பு யாருடையது? நகைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நாட்டில், பிரிந்த பெற்றோரும் பிள்ளையும் சந்திக்க ஓர் இடம் குறிக்க வேண்டும் என்றால், மிகப் பெரிய நீதிமன்றத்தின் நினைவுக்கு வருபவை மரநிழலும் மதிற்சுவரும்தான். மூன்றாவதாகச் சொல்ல ஓர் இடம் கட்டப்படவில்லை. கட்டப்படாத இடத்தை நீதிபதியால் தீர்ப்பில் எழுத முடியுமா?

இடத்தைவிட நம்மை உறுத்துவது அந்த 10 அடி. சந்திப்பைக் கண்காணிக்க வேண்டும் என்று நீதிமன்றமே கருதியிருக்கிறது. இல்லையேல் தாய் உடனிருக்க வேண்டும் என்று ஏன் சொல்ல வேண்டும்? அப்படியானால் கண்காணிப்பவர் யார்? வழக்கின் ஒரு கட்சி! எவரோடு வாழ முடியவில்லையோ, எவர்மீது மனு எழுதிக் கையொப்பமிட்டாரோ, அவரை வாரந்தோறும் நான்கு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பணி அந்தப் பெண்ணுக்கு. சம்பளமில்லை, பயிற்சியில்லை, மறுக்கவும் வழியில்லை. தந்தையின் நிலை என்ன? தன் குழந்தையிடம் பேசும் ஒவ்வொரு சொல்லும் எதிர்த்தரப்பின் காதில் விழுகிறது என்ற நினைப்போடு கொஞ்ச வேண்டும். பொம்மையைக் கொடுத்தால், என்னால் வாங்கித்தர முடியாததைக் காட்டி மயக்குகிறாரோ என்று தாய் எண்ணலாம். கொடுக்காவிட்டால், வெறுங்கையோடு வந்தார் என்பது அடுத்த மனுவில் ஏறலாம். நடுவிலிருக்கும் குழந்தையோ தத்தித் தத்தித் தாயிடம் ஓடும். இரண்டு வயதுக்கு 10 அடி பெரிய தூரமா என்ன? ஓடிவந்த குழந்தையைத் தாய் தூக்கினால் நீதிமன்ற ஆணையை மீறியவர் ஆவாரா? தூக்காமல் நின்றால் தாய் ஆவாரா? தீர்ப்பில் இதற்கு விடை இல்லை.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2022இல், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி பிறப்பித்த ஆணையை நம் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகளைப் பார்க்கத் தாயின் இல்லத்திற்கு வரும் தந்தையை, விருந்தாளியாக மதிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. சிற்றுண்டியும் இரவு உணவும் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்றது. அதற்குத் துணைக்கு வந்தது ‘அதிதி தேவோ பவ’ என்ற வடமொழி வாசகம். விருந்தினனைத் தெய்வமாக எண்ணுக என்பது பொருள். நோக்கம் நல்லதுதான். பெற்றோர் முகம் திருப்பிக்கொள்வதைப் பிள்ளை பார்க்கலாகாது என்ற கனிவு அதில் இருக்கிறது; அதை மறுக்க மாட்டோம். எனினும், விருந்தோம்பல் என்பது விரும்பிச் செய்வது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. அந்த அதிகாரத்தில் எங்கேனும் நீதிமன்றக் கட்டளைப்படி சோறு போடுவது பேசப்படுகிறதா? ‘கணவனே தெய்வம்’ என்று காலமெல்லாம் ஓதப்பட்டதைக் கேட்டு, அதிலிருந்து விலகி வெளியே வந்தவள் ஒரு பெண். வாசற்படி தாண்டிய பிறகு, ‘வந்திருப்பவர் விருந்தாளி, விருந்தாளியும் தெய்வமே’ என்றால், கழற்றிவைத்த தெய்வத்தைப் பின்வாசல் வழியே மறுபடியும் கொண்டுவந்து கூடத்தில் அமர்த்துவதாகாதா? அடுப்படியில் நிற்பவள் மறுபடியும் அவள்தானே?

அதே ஆண்டிலேயே இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கட்டளையை நீக்கியது. பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்று வகுப்பது வழக்குக்குப் பொருந்தாதது என்பது அமர்வின் கருத்து. சட்டப்படி சரி. ஆனால் உபசாரம் நீங்கியதே தவிர, அந்த இடம் வெற்றிடமாகவே நின்றது. சந்திப்பில் நிகழும் கசப்பை யார் தணிப்பது? தனி நீதிபதி அதை அறநெறியால் நிரப்பப் பார்த்தார். உச்சநீதிமன்றம் அடிக்கோலால் நிரப்பப் பார்த்தது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் ஒரு மூன்றாம் மனிதர்; அதற்கென்றே பயின்றவர்; எந்தப் பக்கமும் சாராதவர்.

அத்தகைய மனிதர்கள் கற்பனையில் பிறப்பவர்கள் அல்லர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர்கள் பல்லாண்டுகளாகப் பணிபுரிகிறார்கள்; நம் தமிழர் வாழும் சிங்கப்பூரிலும், நீதிமன்றம் சொன்னால் சமூகப் பணியாளர் முன்னிலையில் சந்திப்பு நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது நம் இளைஞர்களுக்குப் பயன்படும். தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொள்ள மாட்டார்கள். முன்பின்னாக நேரம் குறிக்கப்படும். முடிந்த இடங்களில் வெவ்வேறு வாயில்கள். ஒருவர் குழந்தையை ஒப்படைத்துவிட்டு அகன்ற பிறகே மற்றவர் உள்ளே வருவார். முதல் சந்திப்புக்கு முன்பே குழந்தையை அழைத்துவந்து அறையைக் காட்டி, இன்னார் இங்கே இருப்பார், உனக்குப் பிடிக்காவிட்டால் அவரிடம் சொல்லலாம் என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். மேற்பார்வையாளர் பார்வைக்கும் செவிக்கும் எட்டும் தூரத்தில் இருப்பார். விளையாட்டில் தலையிட மாட்டார். ‘உன் அம்மா இப்போது எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள்’ என்று பிள்ளையிடம் துப்புக் கேட்டால் தடுப்பார். ‘அம்மாவிடம் போய் இதைச் சொல்’ என்று பிள்ளையைத் தூதாக்கினாலும் தடுப்பார். குழந்தை அஞ்சினால் சந்திப்பை நிறுத்துவார். பிறகு, கண்டதையும் கேட்டதையும் எழுதுவார். யார் நல்லவர் என்று எழுத மாட்டார். அந்தக் குறிப்பு நீதிமன்றத்தின் முன் வரும்போது அது கட்சிக்காரர் சொல்லாக இராது. வழக்கறிஞர் வாய்வீச்சாகவும் இராது.

எல்லாத் தந்தையருக்கும் இந்தக் காவல் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குற்றம் ஏதும் செய்யாத ஒரு தந்தையை, அல்லது தாயை, தன் பிள்ளையோடு பிறர் பார்க்க விளையாடச் சொல்வது சிறுமைப்படுத்துவதே. பார்க்க ஏங்குபவர்களில் தாய்மாரும் உண்டு என்பதையும் மறக்கலாகாது. வன்முறை இருந்த வீடு, குடிவெறி கண்ட வீடு, பிள்ளையைத் தூக்கிச் சென்றுவிடுவாரோ என்ற அச்சமுள்ள வழக்கு, ஆண்டுக்கணக்கில் முகம் பாராததால் பிள்ளைக்கே அந்நியராகிவிட்ட பெற்றோர், இவற்றுக்குத்தான் அந்த ஏற்பாடு. அதுவும் சில மாத காலத்துக்கு. அச்சம் தீர்ந்ததும் மேற்பார்வையாளர் விலகிக்கொள்ள வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடைச் சட்டம், சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று கண்டால் மறுத்துவிடலாம் என்று நடுவருக்கு அதிகாரம் தருகிறது. முற்றிலும் கொடு, அல்லது முற்றிலும் மறு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படி வேண்டாமா?

ஏன் இதுவரை இல்லை என்று கேட்டால், பணமில்லை என்பார்கள். பணம் இரண்டாவது காரணம். முதற்காரணம் சட்டத்தின் பழைய மனம். 1890ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட பாதுகாவலர் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. அதன் 25ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பாதுகாவலரின் பொறுப்பிலிருந்து பிள்ளை விலகிச் சென்றால், பிள்ளையின் நலனுக்கு ஏற்றது என்று கண்டால், பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க ஆணையிடலாம். அதை நிறைவேற்றப் பிள்ளையைக் ‘கைது’ செய்யவும் செய்யலாம்! காணாமற்போன கன்றைப் பிடித்துக் கட்டுவது போன்ற மொழி. 1956ஆம் ஆண்டு வந்த இந்து இளவர் சட்டமோ, தந்தையே இயற்கைப் பாதுகாவலர், ‘அவருக்குப் பின்’ தாய் என்று எழுதிவைத்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பெரும்பாலும் தாயிடம் இருக்கலாமாம். பால் கொடுக்கும் வேலை அவளுக்கு, பாத்தியதை அவருக்கு! எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகனின் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தம் கையொப்பம் போதாது என்று ரிசர்வ் வங்கி கூறியதை எதிர்த்து வழக்காடினார். ‘அவருக்குப் பின்’ என்பதற்கு ‘அவர் இறந்த பின்’ என்று மட்டும் பொருளல்ல, ‘அவர் இல்லாத நிலையில்’ என்றும் பொருள் கொள்ளலாம் என்று 1999இல் உச்சநீதிமன்றம் விளக்கம் தந்தது. பொருளை நீதிமன்றம் நெகிழ்த்தியது. சொல்லை நாடாளுமன்றம் மாற்றவில்லை. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் தாய் தந்தை இருவரையும் சமநிலையில் வைக்க வேண்டும் என்றும், சந்திப்புக்கு நெறிமுறைகள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை, பரிந்துரையாகவே இருக்கிறது.

பழைய மனத்துக்குப் பழைய கதையும் துணை. பிரிந்து வாழ்ந்த தாய் தனியே வளர்த்த இரண்டு பிள்ளைகளை, வேள்விப் பந்தலில் தந்தை முதன்முதலாகச் சந்தித்த கதை நாடறியும். பிள்ளைகளின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த அரசர், அவர்களைப் பெற்றவளிடம் மறுபடியும் தூய்மைக்குச் சான்று கேட்டார். அவள் மண்ணுக்குள் போனாள். பிள்ளைகள் அரண்மனைக்குப் போனார்கள். பக்தர்கள் இதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறார்கள். அந்தச் சிறுவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. நம் தமிழ்க் காப்பியத்தில் மட்டும் என்ன? கோவலன் மாதவியைப் பிரிந்தான். அதோடு மணிமேகலையையும் பிரிந்தான். கானல்வரியில் ஊடல் தந்தைக்கும் தாய்க்கும். மகளுக்கு அதில் என்ன பங்கு?

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்கே விரிந்துகிடக்கும் தொழிற்பகுதி நம்முடையது. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். அந்த ஊர் 2019இல் மாநகராட்சியானது. 2022இல் அதற்கென்று தனிக் காவல் ஆணையரகமே வந்தது. மூன்று ஊர்களிலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உண்டு. கணவன் மனைவிக்குள் சண்டை என்றால் முறையிட இடம் இருக்கிறது. வழக்காடப் பூந்தமல்லியில் சார்பு நீதிமன்றம் இருக்கிறது. வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளையைப் பார்க்க மட்டும் இடமில்லை. காவல் நிலையத்து முற்றத்தில், காக்கிச் சட்டைகளுக்கு நடுவே கைமாற்றப்படும் குழந்தையைப் பார்த்திருக்கிறோம். தேநீர்க் கடை வாசலில் பார்த்திருக்கிறோம். பேரங்காடியின் உணவுக்கூடத்தில், இரண்டு பெரியவர்கள் எதிரெதிர் மேசைகளில் அமர்ந்து கைப்பேசியை நோக்கியிருக்க, நடுவில் பொரித்த உருளைக்கிழங்கோடு தனியே அமர்ந்திருக்கும் பிள்ளையையும் பார்த்திருக்கிறோம்.

சென்னை நகர எல்லைக்குள் வழக்கு என்றால் உயர்நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றம்தான். ஆவடியில் ஏறி மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பாரிமுனை செல்ல வேண்டும். பூந்தமல்லிக்காரருக்குப் புறநகர் மின்தொடரும் இல்லை, பேருந்துதான். ஆலைத் தொழிலாளிக்கும், ஏற்றுமதி ஆடை தைக்கும் பெண்ணுக்கும் ஒருநாள் அலைச்சல் என்பது ஒருநாள் கூலி. பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஒருநாள் பாடம். போய்ச் சேர்ந்த இடத்திலோ கறுப்பு அங்கிகள், கட்டுக்கட்டாகக் காகிதங்கள், அழும் முகங்கள். தன் தந்தையைக் காணும் இடம் இதுதான் என்று பிள்ளையின் நெஞ்சில் பதிந்துபோகும்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இந்தத் தேவையை முன்னமே எண்ணிப் பார்த்தது என்பதுதான் வேதனையான வேடிக்கை. சமூகநல அமைப்புகளை நீதிமன்றத்தோடு இணைத்துக்கொள்ள 5ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆலோசகர்களை அமர்த்த 6ஆம் பிரிவு. மருத்துவ, நலத்துறை வல்லுநர்களின் உதவியைப் பெற 12ஆம் பிரிவு. கதவுகள் எல்லாம் இருக்கின்றன. திறந்து உள்ளே சென்று ஒரு பாய் விரிக்க ஆளில்லை. 1952 முதல் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி நடக்கிறது. ஆண்டுதோறும் இளைஞர்கள் பட்டம் பெற்று வெளிவருகிறார்கள். அவர்களில் சிலரை இந்தப் பணிக்குப் பழக்குவது மலையைப் புரட்டும் காரியமா?

நாம் நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில், ஒவ்வாத மணத்திலிருந்து விலகும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நாம். 1949இல் சென்னை மாகாணச் சட்டம் மணவிலக்குக்கு வழி திறந்தது; நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955இல். 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. புரோகிதர் வேண்டாம், இருவர் ஒப்பினால் போதும் என்றோம். ஒப்பந்தம் என்றால் முறியவும் கூடும் என்பதையும் ஏற்றோம். மேடை போட்டு, மாலை மாற்றி, வாழ்த்துரை வழங்கி எத்தனை மணங்களை நடத்திவைத்திருக்கிறோம்! அவற்றில் முறிந்த மணங்கள் எத்தனை, அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்று எந்த மன்றமேனும் விசாரித்ததுண்டா? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர். பிறந்த பிள்ளை அதில் கையெழுத்திடவில்லை. பிரியும்போது ‘குடும்ப விவகாரம்’ என்று ஒதுங்கிக்கொண்டோம். ஊர்ப் பெரியவர்களும் சாதிப் பஞ்சாயத்தும் தலையிட்டன. பிள்ளையை யார் ‘வைத்துக்கொள்வது’ என்று அவர்கள் பேசினார்கள், பாத்திரத்தையும் பீரோவையும் பேசுவது போல. நாம் வேறு சொல் ஒன்றையும் கொடுக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பணியைத் தனியார் கையில் விட்டால், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் எழுதிய பலகை தொங்கும். கட்ட முடிந்த தந்தை பிள்ளையைப் பார்ப்பார். கட்ட முடியாதவர் பார்க்க மாட்டார். மேற்பார்வையாளர் பணம் கொடுத்தவரின் கண்ணாகிவிடக்கூடும். ஆகவே இது அரசின் பொறுப்பாக, கட்டணமற்றதாக, நீதிமன்றத்துக்கு மட்டுமே விடைசொல்லக் கடமைப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறோம்.

பெரிய மாளிகை கேட்கவில்லை. இரண்டு அறை, இரண்டு வாயில், ஒரு கழிப்பறை, சுவரில் எட்டும் உயரத்தில் ஒரு கரும்பலகை, சில பொம்மைகள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அங்கன்வாடிகள் இருக்கின்றன. குழந்தைக்கு ஏற்ற சிறு நாற்காலியும் வண்ணச் சுவரும் உடையவை. வாரத்தில் ஆறு நாள் பிள்ளைகளின் குரல் கேட்கும் அந்தக் கட்டடங்கள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கின்றன. நீதிமன்றங்கள் சந்திப்புக்குக் குறிப்பதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையைத்தான். ஊருக்கு ஒரு கட்டடத்தை அந்த ஒருநாள் திறந்துவிடவும், பயின்ற மேற்பார்வையாளர் இருவரை அமர்த்தவும் கோரி மனு ஒன்று எழுதியிருக்கிறோம். அம்பத்தூருக்கானதைச் சென்னை மாநகராட்சியின் 7ஆம் மண்டல அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம், ஆவடிக்கானதை ஆவடி மாநகராட்சியில், பூந்தமல்லிக்கானதை அந்நகராட்சியில். படி ஒன்று மாவட்ட நீதிபதிக்கும் போகிறது. கையொப்பமிட விரும்பும் தோழர்கள் தத்தம் ஊர் மன்றத்தில் வந்து மனுவைப் படித்துப் பார்க்கலாம். குறை தெரிந்தால் திருத்துங்கள். முதல் பக்கத்தில் சந்திப்பு நேரத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம், காலையா மாலையா என்பதைப் பிள்ளைகள் உள்ள வீட்டார் சொன்னால் நன்று.